அல்லிராணிக்கு வந்த கிரேக்கத் தூண்கள்

அரிப்புக் கரையில் கடல் தின்றது போக மிஞ்சியிருப்பவை சில செங்கல் தூண்களும் பிளந்த சுவர்களுந்தான். மன்னார் மாவட்டத்தின் தெற்கே, சிலாவத்துறையைத் தாண்டியதும், கடலோர மேட்டின் விளிம்பில் அவை நிற்கின்றன. ஊராரைக் கேட்டால் அல்லிராணி கோட்டை என்பார்கள். வரலாற்று நூல்களில் அதன் பெயர் டொரிக் மாளிகை. அதைக் கட்டுவித்தவர் அல்லியும் அல்ல, கிரேக்க மன்னன் எவனும் அல்ல. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் தமக்கென எழுப்பிய தங்குமனை அது. வரைபடமும் அவருடையதே என்பார்கள்.

இங்கிலாந்துப் பாணி வீடு என்றதும் இலங்கையில் யாருக்கும் நுவரெலியாதான் நினைவுக்கு வரும். கறுப்பு மரச்சட்டமிட்ட வெள்ளைச் சுவர், செங்குத்தான கூரை, உயர்ந்த புகைபோக்கி, முற்றத்தில் ரோஜாப் பாத்தி என்று படம் கண்முன் விரியும். அந்தக் குளிர்மலை வீடுகளுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்னதாகவே, வெயிலும் உப்புக் காற்றும் முள்மரமுமாகக் கிடந்த முத்துக் கரையில் இங்கிலாந்தின் அன்றைய புதுமோகம் ஒரு வீடாக எழுந்துவிட்டது. அந்த மோகத்தின் பெயர் கிரேக்கம்.

தம் காலத்தை விட்டு வேறொரு காலத்தின் உருவத்தை எடுத்துத் தம் வீட்டுக்குப் போர்த்திக்கொள்ளும் வழக்கத்தைக் கட்டடக்கலை வரலாறு மீளெழுச்சிப் பாணி என்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இங்கிலாந்துச் செல்வர்களை இந்த ஆசை பிடித்து ஆட்டியது. ஹொரேஸ் வால்போல் 1749இல் தம் ஸ்ட்ரோபெரி ஹில் வீட்டைக் கூர்வளைவுகளும் குட்டிக் கோபுரங்களுமாக இடைக்காலத் தேவாலயச் சாயலில் மாற்றத் தொடங்கினார். கட்டடக் கலைஞர்களான ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் நிக்கலஸ் ரெவெட்டும் ஏதென்ஸுக்கே போய்ப் பழங்கோயில்களை அளந்து வரைந்து, அந்த வரைபடங்களின் முதல் தொகுதியை 1762இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1758இல், ஹாக்லி என்ற ஊரின் பூங்காவில் ஸ்டூவர்ட் ஒரு சிறிய டொரிக் கோயிலைக் கட்டிக் காட்டியிருந்தார். கிரேக்கத் தூண் ஒழுங்குகளில் மிகப் பழையதும் மிகப் பருமனானதும் டொரிக்தான். அடிப்பீடம் இல்லாமல் தரையிலிருந்து நேரே எழும். மேலே போகப் போகச் சற்று ஒடுங்கும். தலையில் இலையும் கொடியும் இல்லாமல் திண்டு போன்ற ஓர் எளிய முடியோடு நின்றுவிடும். நகையில்லாத அந்த மிடுக்குத்தான் அக்கால ஆங்கிலேயப் பிரபுக்களை மயக்கியது.

அரிப்பு நிர்வாகக் கணக்கில் மன்னாருக்கு உரியது; ஆனால் நிலத்தாலும் கடலாலும் மனிதர்களாலும் அது புத்தளத்தோடு ஒட்டியது. புத்தளம் நகரிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் பழைய பாதை எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்து, வில்பத்துக் காட்டுக்குள் புகுந்து, பொம்பரிப்பைத் தொட்டு, மோதரகம் ஆற்றைத் தாண்டி மறிச்சுக்கட்டி, கொண்டச்சி, சிலாவத்துறை வழியே அரிப்பை அடையும். எண்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். வனவிலங்குப் பூங்காவுக்குள் ஓடும் இந்தப் பாதையைத் திறப்பதா மூடுவதா என்பது நெடுநாள் வழக்கு.

இன்னொரு பிணைப்பு துயரமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களைச் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றியபோது, அரிப்பு அடங்கிய முசலிப் பகுதியின் சனங்களும் உடுத்த துணியோடு புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். வடக்கிலிருந்து அப்படி விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு தலைமுறை முழுக்கப் புத்தளத்து முகாம்களிலும் குடியிருப்புகளிலும் வளர்ந்தது. ஆகவே அல்லிராணி கோட்டையைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்களில் கணிசமானோர் இன்றும் புத்தளம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஓர் ஆளுநருக்கு இந்தப் பாலை போன்ற கரையில் மாளிகை எதற்கு? விடை கடலுக்கடியில் கிடந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பாண்டியர் காலத்திலிருந்தே அரசுகளுக்கு வருமானம் ஈட்டித் தந்தவை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவற்றைத் தம் கையில் வைத்திருந்தார்கள். 1795–96இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரங்களைப் பறித்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, வந்த வேகத்தில் 1796, 1797, 1798 என்று மூன்றாண்டு தொடர்ந்து முத்துக்குளிப்பு நடத்தியது. பணம் கொட்டியது. 1798 ஒக்டோபரில் நோர்த் வந்திறங்கியபோது, புதுக் குடியேற்றத்தின் செலவையெல்லாம் முத்தே தாங்கும் என்ற நம்பிக்கை மிகப் பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டே வருமானம் சரிந்தது. சிப்பி வளர நான்கைந்து ஆண்டு வேண்டும். அரசாங்கத்தின் அவசரம் சிப்பிக்குத் தெரியாது.

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கும் காலம் மாசி முதல் சித்திரை வரை, இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே கடல் அடங்கிக் கிடக்கும் சில வாரங்கள். மற்ற நாட்களில் காகமும் நரியும் மட்டுமே நடமாடும் மணலில், அந்த வாரங்களில் ஓர் ஓலைக்குடிசை நகரம் முளைத்துவிடும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி ஊர்களிலிருந்து தமிழ் முஸ்லிம் குளியாட்களும் பரதவக் குளியாட்களும் வருவார்கள். அரபிகள் வருவார்கள். செட்டிமார், தரகர், நகைவணிகர், சாராயக்காரர், பிச்சைக்காரர், கள்வர் என்று எல்லோரும் வந்து கூடுவார்கள். நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாய் விரிக்கும். பொழுது விடிந்ததும் காலில் கல்லைக் கட்டிக் குளியாள் இறங்குவான்; ஏறக்குறைய ஒரு நிமிட மூச்சில் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை இழுப்பான். நண்பகலுக்குப் பின் கடற்காற்றோடு தோணிகள் கரை திரும்பும். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே கடற்கட்டி எனப்பட்ட மந்திரக்காரர்கள் அரசாங்கச் சம்பளத்தில் இருந்தார்கள் என்பது, கணக்கில் கறாரான பிரித்தானிய நிர்வாகத்தைப் பற்றிய சுவையான செய்திகளில் ஒன்று. அவர்கள் மந்திரம் ஓதாவிட்டால் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். ஆகவே மந்திரமும் செலவுப் பட்டியலில் ஏறியது.

கரை சேர்ந்த சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்புகளில் குவிக்கப்பட்டு அழுகவிடப்படும். தசை அழுகி, ஈ மொய்த்து, புழு தின்று தீர்ந்த பிறகே முத்தைக் கழுவி எடுப்பார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத பயணி இல்லை. முகாமில் வாந்திபேதி வந்தால் அந்த ஆண்டுச் சலாபம் அத்தோடு கலையும். இத்தனை கூட்டத்தையும் வருமானத்தையும் கண்காணிக்க அதிகாரி ஒருவர் அருகே இருக்க வேண்டும், ஆனால் நாற்றத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். கொண்டச்சிக் குடா முகாமுக்குச் சில மைல் வடக்கே, காற்று வீசும் கடல்மேட்டில் நோர்த் இடம் பிடித்ததன் காரணத்தை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மேல்தளத்தில் நின்றால் தோணிகள் போவதும் வருவதும் கணக்காகத் தெரியும்.

பக்கத்திலேயே ஒல்லாந்தர் விட்டுப்போன அரிப்புச் சிறுகோட்டை இருந்தது. கண்டி அரசனிடம் சுமார் இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து முதலில் தலைகாட்டிய இடம் அதுதான். தெற்கே கற்பிட்டியில் 1667இல் தொடங்கி எழுந்த பெரிய கோட்டையும் தேவாலயமும் இருந்தன. இலங்கைக்கு வந்த பிரித்தானிய அதிகாரிகளுக்கு அக்காலத்தில் வீடு தேடும் சிரமமே இல்லை. தடித்த சுவரும் ஆழ்ந்த விறாந்தையும் அரைவட்ட ஓடுமாக ஒல்லாந்தர் விட்டுப்போன வீடுகளில் குடிபுகுந்துகொண்டார்கள். நோர்த் அப்படிச் செய்யவில்லை. அவர் வேறு மாதிரியான மனிதர்.

அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பிரதமர் என்று ஆங்கில வரலாறு சலிப்போடு குறிப்பிடும் லோர்ட் நோர்த்தின் மகன் பிரெட்ரிக். அவரைப் பிடித்த பித்து அரசியல் அல்ல, கிரேக்கம். இளம் வயதில் கிரேக்க நாடுகளைச் சுற்றியவர், 1791இல் கோர்ஃபூ தீவில் கிழக்கு மரபுத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றுக்கொண்டார். ஆங்கிலப் பிரபு ஒருவர் மதம் மாறுவது அன்று சிறிய காரியமல்ல. நெடுங்காலம் அதை அவர் வெளியே காட்டவில்லை. பிற்காலத்தில் கில்ஃபோர்ட் பிரபு என்ற பட்டத்தோடு கோர்ஃபூவுக்கே திரும்பி, 1824இல் அயோனியக் கல்விக்கழகத்தைத் திறந்துவைத்து, பண்டைக் கிரேக்கர் போல அங்கி உடுத்தி நடமாடினார். ஆங்கிலேய நண்பர்கள் சிரித்தார்கள். கிரேக்கர்கள் அவரைக் கொண்டாடினார்கள். இந்த இரண்டு கோர்ஃபூ நிகழ்வுகளுக்கும் இடையில் அமைந்தவையே அவரது இலங்கை ஆண்டுகளும் அரிப்பு மாளிகையும்.

காலப்பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். 1801இல் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் ஏதென்ஸின் பார்த்தினனிலிருந்து சிற்பங்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் முழு வீட்டையே கிரேக்கக் கோயிலாக்கும் துணிச்சலுக்குப் பேர்போன ஹாம்ப்ஷயரின் கிரேஞ்ச் மாளிகைக்கு வில்லியம் வில்கின்ஸ் கைவைத்தது 1804 அளவில்; அரிப்பில் வேலை முடிந்ததும் அதே 1804இல். குடியேற்ற நாடுகளுக்குத் தாய்நாட்டு நாகரிகம் எப்போதும் பிந்தித்தான் வந்து சேரும் என்ற பொதுவான எண்ணம் இந்த ஒரு விஷயத்தில் பிழைத்துப் போகிறது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் அதே காற்று வீசியது. சென்னையில் ஆளுநர் எட்வர்ட் கிளைவுக்காக வானியலாளர் ஜோன் கோல்டிங்ஹாம் கட்டி 1802இல் திறக்கப்பட்ட விருந்து மண்டபம், உயர்ந்த மேடையும் அகன்ற படிக்கட்டும் தூண் வரிசையுமாகக் கிரேக்கக் கோயில் சாயலில் எழுந்தது. பிளாசியிலும் சீரங்கப்பட்டணத்திலும் கம்பெனி பெற்ற வெற்றிகளின் நினைவுச் சின்னம் அது. இன்றைய தமிழருக்கு அது ராஜாஜி மண்டபம். ஜெயலலிதாவின் உடலும் கருணாநிதியின் உடலும் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது அந்தப் படிகளுக்கு மேலேதான். நோர்த் 1801 முடியும் வரை கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். 1802 சனவரியில்தான் இலங்கை நேரடியாக முடிக்குரிய நாடானது. சென்னையிலும் அரிப்பிலும் ஒரே ஆண்டுகளில் தூண்கள் எழுந்ததில் வியப்பில்லை.

அரிப்பு மாளிகை எப்படி இருந்தது? நோர்த்தோடு இலங்கையில் வாழ்ந்த குடியேற்றத் திருச்சபைக் குரு ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியான தம் நூலில் இதைத் தீவிலேயே அழகான கட்டடமாகவும், கட்டடக்கலை விதிக்கு உட்பட்டு வரையப்பட்ட அபூர்வமான ஒன்றாகவும் வருணிக்கிறார். ஒல்லாந்தரின் கோட்டைகளையும் விகாரைகளையும் கோயில்களையும் அவர் கட்டடக்கலைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய படித்த ஆங்கிலேயருக்கு விதி என்றால் கிரேக்க, ரோம விதிதான். இரண்டு தளம். கீழே சிறிய அறைகள், மேலே ஆளுநரின் இருப்பிடம், உச்சியில் கடலைப் பார்க்கத் தட்டையான மொட்டைமாடி. அளவில் அரண்மனை அல்ல. சில வாரத் தங்கலுக்கான கச்சிதமான மனை.

சுவையான செய்தி அதன் தோலில் இருக்கிறது. கிரேக்கத் தூண் பளிங்கில் பிறந்தது. அரிப்பில் பளிங்கு ஏது? செங்கல்லைத் தூணாக அடுக்கி, மேலே சுண்ணச்சாந்து பூசினார்கள். சுண்ணாம்புக்குச் சுட்டது சிப்பியோட்டை. தென்னிந்தியக் கொத்தனார்களுக்கு இது பரம்பரைக் கைவேலை. சிப்பிச் சுண்ணாம்பை நன்றாக அரைத்து, மெல்லிய படலங்களாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் மினுக்கத்தைப் பார்த்து, சென்னைக்கு வந்த ஐரோப்பியர்கள் பளிங்கென்றே எண்ணியிருக்கிறார்கள். சிப்பி மலிந்த கரையில் சிப்பியோடே பார்த்தினனின் வெண்மையை இரவல் கொடுத்தது. வடிவம் இங்கிலாந்து வழியாக வந்த ஏதென்ஸ். கை, கலவை, மினுக்கம் எல்லாம் இந்தப் பக்கத்தவை. வீட்டு வரலாறு எழுதுபவர்கள் வரைந்தவரின் பெயரைப் பதிந்துவிட்டுப் பூசியவரை விட்டுவிடுவது வழக்கம். அரிப்பிலும் கொத்தனார்களின் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த வீட்டின் விதி, கட்டியவரின் விதியைப்போலவே அவசரமானது. 1805இல் நோர்த் இலங்கையை விட்டுப் போனார். அடுத்து வந்த தோமஸ் மெயிற்லண்ட் செலவைக் கண்டிப்பதில் பேர்பெற்றவர். நோர்த்தின் கணக்குகளைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் 1806இல் கல்கிசைக் கடற்கரையில் தமக்கென்று வீடு கட்டத் தொடங்கியபோது அந்தக் கண்டிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இன்றைய மவுண்ட் லவீனியா ஹோட்டலின் தொடக்கம் அந்த வீடு.

முத்துக்குளிப்பு பின்னும் நடந்தது, விட்டுவிட்டு. 1837க்குப் பிறகு பதினேழு ஆண்டு ஒரு சலாபமும் இல்லை. 1891க்குப் பிறகு மறுபடியும் நீண்ட வறட்சி. 1905இல் வரலாறு காணாத அறுவடை. அந்த உற்சாகத்தில் 1906இல் ஒரு கம்பெனி பார்களைக் குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகளில் மூழ்கிப்போனது. அதற்குள் முகாமும் தெற்கே மறிச்சுக்கட்டிக்கு நகர்ந்திருந்தது. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் அங்கே இரவுபகலாக நின்று வேலை பார்த்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளராகவும் வேர்ஜினியா வுல்ஃபின் கணவராகவும் உலகறிந்தவர். இலங்கைக் கரையின் கடைசிச் சலாபம் 1925இல். பிறகு ஜப்பானியரின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. அரிப்பு மாளிகைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மாளிகையை உண்மையில் எடுத்துக்கொண்டவர்கள் ஊர்ச் சனங்கள். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில் அல்லிராணி கதை பழையது. புத்தளம் மாவட்டத்தின் வடகோடியில், வில்பத்துக் காட்டின் கடலோரச் செம்மண் முனையான குதிரைமலைதான் அவளது தலைநகர் என்றும், முத்தை விற்றுக் குதிரைகளை வாங்கினாள் என்றும், அவள் அரண்மனை கடலுக்குள் போய்விட்டதென்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அல்லி மதுரையை ஆண்டவள்; ஆண்களை அடக்கியவள்; அருச்சுனனின் சூழ்ச்சிக்கு வசப்பட்டு அவனை மணந்தவள். பெரிய எழுத்துப் பதிப்புகளாகவும் கூத்தாகவும் அவள் கதை ஊரூராகப் போயிருக்கிறது. உடப்பில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிப்பு நடக்கும் புத்தளக் கரையில், பாரதத்தின் கிளைக்கதை ஒன்று இடப்பெயரோடு ஒட்டி வாழ்வதில் புதுமை இல்லை.

காடும் கடலும் சூழ்ந்த இடத்தில், யார் எதற்குக் கட்டினார்கள் என்ற நினைவு அற்றுப்போன ஒரு பெருந்தூண் வீடு கிடந்தால், முத்தை ஆண்ட ராணிக்கு அதைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? வரலாற்றாசிரியர்கள் இதை அறியாமை என்று தள்ளிவிடுவதுண்டு. அது நியாயமான தீர்ப்பல்ல. நோர்த் செய்ததும் அதுவே: தமக்குச் சொந்தமில்லாத ஒரு பழங்காலத்தைத் தம் வீட்டுக்கு ஏற்றினார். ஊரார் அந்த வீட்டுக்கு இன்னொரு பழங்காலத்தை ஏற்றினார்கள். பார்க்கப்போனால், முத்துக்காகக் கட்டிய வீட்டை முத்து ராணிக்கு உரியதாக்கிய ஊர்க்கதை, ஏதென்ஸை இழுத்து வந்த ஆளுநரின் கற்பனையைவிடக் கட்டடத்தின் காரணத்துக்குக் கிட்ட நிற்கிறது.

மலைநாட்டில் நடந்தது வேறு. முத்துக் கரை வறண்ட காலத்தில் கோப்பி வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் மன்னார்க் கரைத் துறைகளில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் உருவாக்கிய கோப்பி, தேயிலைத் தோட்டங்களின் இலாபத்தில்தான் நுவரெலியாவின் ஆங்கில வீடுகள் எழுந்தன. 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவப் பார்த்தார். 1876இல் ஹில் கிளப் தொடங்கியது. 1894இல் செங்கல் தபாற்கந்தோர் வந்தது. அப்போது இங்கிலாந்தில் கிரேக்க மோகம் தணிந்து, நோர்மன் ஷோ போன்ற கட்டடக் கலைஞர்களின் கையில் பழைய ஆங்கில நாட்டுப்புற வீடு புதுவடிவம் பெற்றிருந்தது. மரச்சட்டம் சுவரைத் தாங்கிய காலம் போய், தாங்குவது போலத் தோற்றம் காட்டினால் போதும் என்ற காலம் அது.

இந்தப் போக்கின் உச்சம் ஹப்புத்தளைக்கு அருகேயுள்ள அடிஷாம் பங்களா. கென்ட் மாவட்டத்து அடிஷாம் கிராமத்தில் 1869இல் பிறந்து, இளைஞராக இலங்கைக்கு வந்து, ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராக உயர்ந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் அதை 1931இல் கட்டி முடித்தார். கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கட்டியதாகச் சொல்வார்கள். கருங்கல் சுவர், பர்மாத் தேக்கு, கணப்படுப்பு, நீள்சாளரம் என்று ஒன்றும் விடுபடவில்லை. நோர்த் தாம் வாழ்ந்திராத ஒரு காலத்துக்குப் போக ஆசைப்பட்டார். வில்லியர்ஸ் தாம் விட்டு வந்த ஊருக்கே திரும்ப ஆசைப்பட்டார். மலையகத் தமிழர் அந்த வீட்டுத் தோட்டத்திலும் சமையற்கட்டிலும் வேலைபார்த்து, மாலையில் லயத்துக்குத் திரும்பினார்கள். 1961இல் அது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாயிற்று. இன்று ஞாயிறுகளில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு, மடத்தார் செய்யும் ஜாம் வாங்கி வருகிறார்கள்.

மரச்சட்டப் பாணி ஏன் மலையை விட்டு இறங்கவில்லை என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கறையானுக்கும் கடற்காற்றுக்கும் அந்த மரம் ஒரு தலைமுறை தாங்காது; புத்தளத்து வெயிலில் கணப்படுப்பைக் கட்டினால் கோழிதான் அடைகாக்கும். ஆனால் தூண் இறங்கியது, எங்கும் பரவியது. மாதம்பை, மாரவில, சிலாபம் பக்கத்துத் தென்னந்தோட்டப் பணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளவு எனப்படும் பெருமனைகளாக மாறியபோது, விறாந்தையைத் தாங்கியது சாந்து பூசிய உருண்டைத் தூண்தான். 1927இல் காந்தி இலங்கை வந்தபோது சிலாபத்தில் கொரயா குடும்பத்தார் வரவேற்ற வீட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சிகிரியா. ஆங்கிலக் கல்வியில் தேறிய ஒரு வழக்கறிஞர் குடும்பம் காசியப்பனின் கோட்டையைத் தன் வீட்டு வாசலில் எழுதிக்கொண்டதும் ஒருவகை மீளெழுச்சிதான்.

வளவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும், அங்கிருந்து கடைக்காரர் வீட்டுத் திண்ணைக்கும் தூண் போயிற்று. கடந்த நாற்பது ஆண்டில் வளைகுடா நாட்டுச் சம்பாத்தியம் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் வீடாக எழும்போது, வாசலில் நிற்பவை சீமெந்தில் வார்த்து வாங்கிய தூண்கள். முடியில் இலைவேலை, அடியில் பீடம், நடுவே வரிப்பள்ளம் என்று கிரேக்கத்தின் மூன்று ஒழுங்குகளும் ஒரே தூணில் கலந்திருக்கும். படித்த கட்டடக் கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். நோர்த்தின் செங்கல் தூணும் பளிங்கு வேடம் போட்டதுதான் என்பதை நினைத்தால் அந்தச் சுளிப்புக்கு அவ்வளவு உரிமை இல்லை.

அடிஷாமுக்குத் துறவியர் இருக்கிறார்கள். ராஜாஜி மண்டபத்துக்கு அரசு இருக்கிறது. நுவரெலியாத் தபாற்கந்தோரைச் சுற்றுலா ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் அன்றாடம் வேலை நடப்பதால் அதற்குக் குரல் கொடுக்க ஆளிருந்தது. அரிப்பு மாளிகை ஆண்டுக்குச் சில வாரம் பயன்படவென்று பிறந்தது. அந்தச் சில வாரங்களும் போனபின், கூரை போய், பூச்சு உரிந்து, செங்கல்லுக்குள் உப்பு ஏறியது. ஈரத்தில் கரைந்து உள்ளே போகும் உப்பு, காய்ந்ததும் படிகமாகி விரிந்து செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். சிப்பிச் சுண்ணம் இருந்தவரை அதைத் தடுத்தது. அது உதிர்ந்த இடமெல்லாம் வழி திறந்தது. கீழே அலை மேட்டை அரிக்க, கடலோரப் பகுதி துண்டு துண்டாகச் சரிந்தது. போர்க்காலத்தில் இந்தக் கரை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. பராமரிக்க ஆளும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை.

கடலைத் தடுத்துத் தூண்களை நிரந்தரமாக நிறுத்திவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கல்லணை போட்டால் கடலரிப்பு பக்கத்து மீனவர் கரைக்கு நகரும் என்பது இலங்கைக் கடற்கரைகளில் பலமுறை கண்ட அனுபவம். செய்யக்கூடியதும் செலவு குறைந்ததும் ஒன்று உண்டு: ஒவ்வொரு தூணையும் சுவரையும் அளந்து வரைந்து, பூச்சின் கலவையை ஆய்ந்து, ஒவ்வோர் ஆண்டும் தென்மேல் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பது. கூடவே, 1990க்கு முன் அந்தக் கட்டடத்தைச் சுற்றி விளையாடியவர்களிடம் எந்தச் சுவர் எதுவரை இருந்தது, எந்தத் தூண் எந்த ஆண்டு விழுந்தது என்று கேட்டுப் பதிவது. அவர்களைத் தேடி அரிப்புக்குப் போனால் மட்டும் போதாது; புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கேட்க வேண்டும்.